மோர்பினும் சுறா வறையும்

நான் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. என் நுரையீரல் பழுதாகிவிட்டது என்று கேள்விப்படுகிறவர்கள், படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லாமல், முதலில் என் உதட்டின் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, முன்னே பின்னே சுருட்டுக் கிருட்டுப் பத்துகிற பழக்கம் இருந்ததா என்று விசாரிப்பார்கள். இருந்திருந்தால் அந்தச் சுகத்தையாவது கண்டிருப்பேன். நான் பிடித்ததெல்லாம் அடுப்புப் புகை. அதுவும் மற்றவர்களின் வயிற்றுக்காக.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி விற்றதுதான் என் தொழில். பெயர்ப்பலகை கிடையாது. வீட்டுக் குசினியில் மூன்று அடுப்பு, வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான் கடை. என் மனுசன், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுப்புத்தான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது. விடியற்காலையில் பற்றவைத்தால் மத்தியானம் தாண்டும்வரை எரியும். மாரியில் கிடைப்பது ஈர விறகு. அது எரியாது, புகையும். கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து ஊதுவேன். ஊதியதெல்லாம் என் நெஞ்சுக்குள்ளேயே திரும்பி வருகிறது என்று அப்போது எவரும் சொல்லவில்லை. பிற்பாடு காஸ் அடுப்பு வாங்கினேன். நாட்டில் காஸ் இல்லாமல் போன வருஷத்தில் மறுபடியும் விறகுக்கே வந்தேன். பிள்ளைகளுக்குப் பசிக்கும்தானே.

அந்த வருஷத்தோடு படுத்துவிட்டேன். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கையில் தந்து, மூச்சை இழுத்து ஒரேயடியாக ஊதச் சொன்னார்கள். காலமெல்லாம் அடுப்பு ஊதினவளால் அந்தச் சின்னக் குழாயை ஊத முடியவில்லை. மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, இனி விரியாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வாயில் வைத்து மருந்தை இழுக்க ஒரு பம் தந்தார்கள். இழுப்புக் கூடும்போதெல்லாம் விழுங்கச் சின்னதாய் ஒரு வெள்ளைக் குளிசையும் தந்தார்கள். அந்தக் குளிசை மூச்சைக் காப்பாற்றிற்று, எலும்பைத் தின்றது. ஒரு நாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கினேன். முதுகில் ஏதோ மளுக்கென்றது. படம் எடுத்துப் பார்த்தால், முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசிந்து போயிருந்தன.

முதுகுவலி என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எங்களுக்கும் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் சளி நிறைந்த நெஞ்சோடு நசிந்த முதுகு இருப்பது வேறு சங்கதி. இருமினால் முதுகில் கத்தி இறங்கும். இருமாவிட்டால் சளி நெஞ்சிலேயே தேங்கும். நான் இருமலை விழுங்கப் பழகிக்கொண்டேன். பெருமூச்சு விடவும் பயந்து, மேல் நெஞ்சால் மட்டும் சின்னச் சின்னதாய் மூச்சு விட்டேன். விளைவு, காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். சுகமாகி வந்தேன், திரும்பவும் கிடந்தேன். கட்டிலில் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இவ்வளவுதானா என்று கோபப்பட்டேன். அழவில்லை. அழுதாலும் முதுகு நோகும்.

அப்போதுதான் அந்த டொக்டர் வந்தாள். என் மகளை விட வயது குறைந்தவள். டொக்டர் என்று மரியாதையாகச் சொன்னாலும் மனசில் எனக்கு அவள் பார்சல் வாங்க வருகிற பிள்ளைதான். அவள் என் கட்டில் ஓரத்தில் இருந்து, மகளையும் பக்கத்தில் கூப்பிட்டு, மோர்பின் குளிசை கொஞ்சமாய்த் தொடங்கப் போகிறேன் என்றாள். வலி குறைந்தால் இருமுவீர்கள், இருமினால் சளி போகும், சளி போனால் மூச்சு வரும் என்று கணக்குச் சொன்னாள். மறைக்கவும் இல்லை. அளவு மிஞ்சினால் இந்த மருந்து மூச்சையே தூங்க வைத்துவிடும், உங்களுடைய நெஞ்சுக்கு அது இன்னும் ஆபத்து, அதனால் நான் சொல்லாமல் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, நித்திரைக் குளிசை எதுவும் சேர்த்து எடுக்கவும் கூடாது என்றாள். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயலில் ஒற்றை வரம்பில் நடக்கச் சொல்கிறாள் என்று விளங்கிற்று. வரம்பில் நடக்க எனக்குத் தெரியும்.

மகளின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மோர்பின் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். புற்றுநோய் வாட்டில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றானபிறகு, கடைசியாய்க் கொடுப்பது அது. ஏறாவூர் தாண்டி ஊர் வரும்வரை பஸ்ஸில் மருந்துப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் அண்ணனின் பெண்சாதியிடம் போய் ஒரு பாட்டம் அழுதிருக்கிறாள். அந்த அண்ணி எனக்கு மச்சாள், என் வயதுக்காரி. அவளிடம் சொன்னால் ஒலிபெருக்கி கட்டத் தேவையில்லை. பொழுது சாய முன்னமே சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் மச்சாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். உள்ளே சுறா வறை. தேங்காய்ப்பூ போட்டு, பச்சைமிளகாய் வெட்டிப் போட்டு, எனக்குப் பிடித்த பதத்தில் உதிரி உதிரியாய் இருந்தது. என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டு, "வேற என்னத்துக்கு மனம் ஓடுது, சொல்லு கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பகுதியில் ஆள் தப்பாது என்று கண்டால் வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். ஆசைப்பட்டதைச் சமைத்துக்கொண்டு வந்து ஊட்டுவார்கள். ஆசையோடு போனால் ஆத்துமா வீடு வளவைச் சுற்றும் என்று ஒரு பயம். நானே எத்தனையோ பேருக்கு நண்டுக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தவள். இப்போது என் முறை வந்திருக்கிறது.

மறுக்கவில்லை. வாவி இறால் பொரித்துத் தின்ன ஆசை என்றேன். வந்தது. வாவிக்கு அக்கரைப் பக்கத்து எருமைத் தயிர் என்றேன். சட்டியோடு வந்தது. முந்திரிகைக் காலம் இல்லை என்று தெரிந்தும் முந்திரிகைப் பழம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் எங்கெங்கோ அலைந்தும் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் மெல்லுவதைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். நான் நன்றாக மென்று தின்பேன். அவர்களுக்கு ஒன்று தெரியாது. மோர்பின் குடலையும் தூங்க வைத்துவிடும். மலமிளக்கி மருந்து தந்திருந்தும், வந்த கறியெல்லாம் உள்ளே போன இடத்திலேயே குந்திக்கொண்டது. சாவு வருமுன் என் வயிறு வெடித்துவிடும் போல இருந்தது. அதற்காகச் சுறா வறையை விட முடியுமா?

ஆனால் மருந்து வேலை செய்தது. அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. வலி முற்றாகப் போகவில்லை. பக்கத்து வளவில் நடக்கிற சண்டை மாதிரித் தூரத்தில் கேட்டது. என்னால் இருமலாம். முதுகுக்கு ஒரு தலையணையை அண்டை கொடுத்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்பினேன். எத்தனை காலத்துக்குப் பிறகு! படலை வரைக்கும் நடந்தேன். கதிரையில் இருந்தபடி மகளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். நேராக இருந்து தலை பின்னினேன். சாகக் கிடக்கிறவளைப் பார்க்க வந்தவர்கள், வாசலில் என்னைக் கண்டு முழித்தார்கள். பொய் சொல்லவில்லை, சிலருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அதற்குப் பிறகு கதை வேறு திசையில் போயிற்று. சாகவில்லை என்றால், இது என்ன குளிசை? இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் குளிசை என்றால் இளந்தாரிகள் சந்தியில் நின்று கைமாற்றுகிறதும், பொலிஸ் பிடிக்கிறதும்தான் நினைவுக்கு வரும். மோர்பின் என்பது போதைதானே, இவள் அதற்கு அடிமையாகிவிட்டாள், அதுதான் முகம் இவ்வளவு தெளிவாய் இருக்கிறது என்று மச்சாள் கண்டுபிடித்துச் சொன்னாள். யாரோ ஒருத்தி கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, நெஞ்சு வருத்தக்காரருக்கு இதைக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமாம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். டொக்டர் அதைத்தான் அளவோடு சேர்த்துச் சொன்னாள்; வீடியோக்காரன் அளவை விட்டுவிட்டான்.

எங்கள் வீட்டு நடைமுறையை இங்கே சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் முடித்ததோடு வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாய்ப் போயிற்று, சாவிக்கொத்தும் அவள் இடுப்புக்குப் போயிற்று. நான் அதே வளவின் பின்பக்கம் சின்ன வீடொன்று கட்டி அதில் இருக்கிறேன். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் தாய் எனக்குச் செய்ததும் இதுதான். மருமகன் வெளிநாட்டில். ஆகவே என்னைப் பார்ப்பதும் மகள்தான். அவள் என் குளிசைகளையெல்லாம் பெரிய வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வேளாவேளைக்கு ஒரு கையளவு கொண்டுவந்து தருவாள். சுண்ணாம்புச்சத்துக் குளிசை, இரைப்பைக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, விற்றமின், மோர்பின், எல்லாம் ஒன்றாக. என் கண்ணும் மங்கல். வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

வலி திரும்பி வந்தது. முதலில் பின்னேரங்களில், பிறகு நாள் முழுக்க. வியர்த்துக் கொட்டியது. மூக்கு வடிந்தது. கொட்டாவி கொட்டாவியாய் வந்தது. அடைத்துக்கிடந்த வயிறு அவிழ்ந்து, கக்கூசுக்கும் கட்டிலுக்குமாய் நடந்தேன். தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். குளிசை தந்தாயா என்று கேட்டால், தந்தேனே அம்மா என்பாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. எலும்பு இன்னும் நசிந்துவிட்டது போல என்று நானே முடிவுகட்டினேன். திரும்பவும் இருமலை விழுங்கத் தொடங்கினேன். சளி தேங்கிற்று, காய்ச்சல் அடித்தது, உதடு நீலம் பாரித்தது. ஒரு காலை நேரம் மகள் என்னை ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி நீளம் என் முதுகை அணைத்துப் பிடித்தபடி அழுதுகொண்டு வந்தாள். பயத்தில் அழுகிறாள் என்றிருந்தேன்.

வாட்டில் ஒட்சிசன் வைத்து, ஊசி மருந்து ஏற்றி, இரண்டொரு நாளில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. வலி தணியவில்லை. அந்த டொக்டர் பிள்ளை வந்து பார்த்தாள். குளிசை ஒழுங்காய் எடுக்கிறீர்களா என்று கேட்டாள். ஒரு வேளையும் தவறியதில்லை, வாட்டுக்கு வந்த பிறகும் மகள்தான் வீட்டு மருந்தை நேரத்துக்குத் தருகிறாள் என்றேன், நான் அறிந்ததைத்தான் சொன்னேன். அவள் யோசித்தாள். எடுத்தும் இவ்வளவு வலி என்றால் இந்த அளவு போதாமல் வந்துவிட்டது, கவனமாய்க் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்று சொல்லி எழுதக் குனிந்தாள்.

"கூட்டாதீங்க டொக்டர்."

மகள் என் கால்மாட்டில் நின்றிருந்தாள். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அம்மா அதக் குடிக்கல்ல. நான் குடுக்கல்ல. அதுக்குப் பதிலா பனடோல்தான் வெச்சிக் குடுத்தன்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டாள். சத்தம் போடவில்லை. எப்போதிருந்து, எந்த வேளைக் குளிசையை நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். முதலில் மத்தியானக் குளிசையாம், பிறகு இரவுக் குளிசையாம், கடைசியில் எல்லாமாம். பிறகு அவள் மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கமாட்டேன். பழக்கம் விட்டுப்போன உடம்பு இது. நீங்கள் சொல்லாமல் விட்டு, நான் கூட்டின அளவு இன்றைக்கு உள்ளே போயிருந்தால், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுதான் நடந்திருக்கும். இப்போது வாய் திறந்ததே பெரிய காரியம் என்று சொல்லிவிட்டு, முதலில் தொடங்கிய சின்ன அளவிலேயே திரும்பத் தொடங்குகிறேன், இனி வாட்டில் இருக்கும்வரை நர்ஸ் மிஸ்ஸிதான் தருவா என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? உடம்பில் தெம்பு இருந்திருந்தால் எழும்பி அறைந்திருப்பேன். பெற்ற பிள்ளை, என் கைக்குள் காய்ச்சல் தலையிடிக்குப் போடுகிற பனடோலை வைத்து மூடிவிட்டு, நான் வலியில் நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு அவளோடு நான் பேசவில்லை. அவள் கொண்டுவந்த கஞ்சியையும் தொடவில்லை. பக்கத்துக் கட்டில்காரி சமாதானம் பண்ண வந்தாள். அவளையும் உன் வேலையைப் பார் என்றேன். அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் மகள் வந்து, ஸ்டூலில் இருந்து தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பத் தொடங்கிய மருந்து கொஞ்சம் பிடித்திருந்தது. பேச மூச்சு இருந்தது.

"வீடு தந்தன். வளவு தந்தன். சாவியத் தந்தன். ஒண்டுக்கும் நான் திரும்பக் கேக்கல்ல. இந்தக் குளிசைய மட்டும் என்ட கையில விடு மகள்" என்றேன்.

அதற்கு அவள் சொன்ன பதில் நான் நினையாதது. அடிமையாகிவிடுவேன் என்ற பயம் அவளுக்கு இருந்தது, உண்மைதான். மூச்சு நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது. வேலைக்கு நடுவில் ஓடிவந்து, நான் கண்ணயர்ந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று யன்னலால் பார்த்துவிட்டுப் போவாளாம். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது.

"அந்தக் குளிசைய உங்கட கையில வெக்கிறது நான்தான் அம்மா. ஒரு நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா, எங்கட ஆக்கள் என்ன சொல்லுவாங்க? வீட்டயும் எடுத்துக்கிட்டு அம்மாவ மருந்து குடுத்து அனுப்பிட்டாள் எண்டுதான் சொல்லுவாங்க. மறுகா நான் அந்த வளவில எப்பிடி இரிக்கிற?"

அவள் பயந்தது சரிதான். ஏனென்றால் சொல்லுவார்கள். யார் முதலில் சொல்லுவார்கள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள், யார் இச்சுக் கொட்டுவார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். பிணம் வீட்டில் கிடக்கும்போதே தொடங்கிவிடும். நான் செத்த பிறகும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் அவள். என் வலியைவிட அந்தப் பேச்சு அவளுக்கு நீளமாய் இருக்கும். இவளைக் கோபித்து என்ன செய்ய? கோபிக்க வேண்டிய ஆட்கள் வேறு. என்றாலும் ஒன்றை அவளுக்குச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

"வலியோட நான் விடுற மூச்சு உங்க எல்லாருக்கும். வலியில்லாம விடுறதுதான் எனக்கு" என்றேன். அவள் என் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாய் இருத்திப் பேசினாள். தட்டி எழுப்பியும் எழும்பாமல் நான் கிறங்கிக் கிடந்தால், மூச்சு வழமையைவிட மெதுவாகிவிட்டால், பேச்சுக் குழறினால், அடுத்த குளிசை கொடுக்காமல் உடனே கொண்டுவர வேண்டும் என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தாள். குளிசை இவவின் கையிலேயே இருக்கலாம், அளவு மட்டும் நான் சொன்னபடி என்றாள். அன்றிலிருந்து ஒரு நாளுக்குரியதை மகள் ஒரு சின்னத் தகரப்பேணியில் போட்டுத் தர, நான் அதை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். வீட்டுக்குள் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் யாராவது வந்திருந்தால், நான் பேணியை எடுக்கும்போது மகள் என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய்விடுவாள். கதவு மறைவில் நின்று களவாய்த் தின்கிறவள் மாதிரி விழுங்குவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் முகத்துக்காகப் பொறுத்தேன்.

வைகாசி வந்தது. கண்ணகை அம்மன் கோவில் கதவு திறந்து வருஷச் சடங்கு தொடங்கிற்று. எங்கள் ஊரில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு நாள் உரியது. தாய்வழியில் ஒரு குடியில் பிறந்த அத்தனை பேரும் அந்த நாளைக்கு வந்தே தீர வேண்டும். எங்கள் குடி நாளில், பொங்கலுக்கு அரிசி எடுக்க எங்கள் பெண்களே கோவில் முற்றத்தில் நெல் குத்துவார்கள். இன்னொன்றும் உண்டு. குடி நாளில், குடி ஆட்கள் கூடியிருக்க, அம்மன் வாசலில் ஒருவர் சொன்ன சொல் சொன்னதுதான். அண்ணன் தம்பிச் சண்டை, காணிச் சண்டை எல்லாம் அங்கே சொன்ன சொல்லோடு முடிந்துவிடும். பிறகு அதற்கு எதிராய்ப் பேசினால் அம்மனுக்கு எதிராய்ப் பேசினதாகும். அப்படிப் பேசத் துணிந்த எவரையும் நான் கண்டதில்லை.

உமித்தூசு ஆகாது, வரவேண்டாம் என்று மகள் மன்றாடினாள். வாயையும் மூக்கையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, ஓட்டோ பிடித்துப் போனேன். காற்று வளமாய் வீசுகிற பக்கம் பார்த்து, கோவில் வாசலுக்கு எதிரே ஒரு கதிரை போட்டு இருத்தினார்கள். குரவை போட்டால் என் சத்தம் வாவிக்கு அக்கரைக்கும் கேட்கும் என்று ஒரு காலம் சொல்வார்கள். இப்போது அதற்கு மூச்சு இல்லை. மற்றவர்கள் குரவை போட நான் கையைக் கூப்பினேன். உலக்கைகள் மாறி மாறி விழுந்தன. வேறு குடிக்காரியானாலும் மச்சாளும் உதவிக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தினாள். இடைக்கிடை என்னைப் பார்த்தாள். எல்லாரும்தான் பார்த்தார்கள்.

குளிசைக்கு நேரம் வந்தது. மகள் பக்கத்தில் வந்து, மடப்பள்ளிக்குப் பின்பக்கம் போவோமா என்று காதுக்குள் கேட்டாள். நான் எழும்பவில்லை. முகக்கவசத்தை இறக்கினேன். இடுப்பிலிருந்து பேணியை எடுத்துத் திறந்தேன். உலக்கையை நிறுத்திவிட்டு, "என்ன கா அது, அந்தக் குளிசையா?" என்று மச்சாள் கேட்டாள். அவள் கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் இருந்தேன். கேட்டது வசதியாய்ப் போயிற்று.

"ஓம், அதுதான். மோர்பின்" என்றேன். ஒவ்வொரு உலக்கையாய் நின்றது. எனக்கு ஒரேமூச்சில் பேச முடியாது; நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். "அம்மன் அறியச் சொல்லுறன். இத நான்தான் கேட்டு எடுக்கிறன், என்ட கையால எடுக்கிறன். வலியோட படுத்துக் கிடக்க எனக்கு விருப்பமில்ல. என்ட நெஞ்சு எப்பயும் நிக்கலாம், இதக் குடிச்சாலும் நிக்கும், குடிக்காட்டியும் நிக்கும். அண்டைக்கு என்ட மகளப் பாத்து ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. அவள்ள ஒரு பிழையும் இல்ல."

மச்சாள் உலக்கையைப் பிடித்தபடி அம்மன் வாசலைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். கடைசியில் தலையை ஆட்டினாள். அவள் ஆட்டினால் மற்றவர்களும் ஆட்டினதுதான். எனக்கு மூச்சு வாங்கிற்று. என்றாலும் என் ஆயுளில் அவ்வளவு நிமிர்ந்து நான் இருந்ததில்லை.

மகள் என் பக்கத்தில் இல்லை. வெட்கப்பட்டு எழும்பிப் போய்விட்டாளாக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். வாசலோரம் வைத்திருந்த குடத்தில் செம்பால் தண்ணீர் மொண்டுகொண்டு, முற்றத்தின் நடுவால், குத்தி வைத்த அரிசியைச் சுற்றி, அத்தனை பேரும் பார்த்திருக்க நடந்து வந்தாள். பேணியிலிருந்து குளிசையைத் தன் விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். செம்பை நீட்டினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக,

"குடிங்க அம்மா" என்றாள்.